உப்பு ஒட்டிய பாட்டில்

அத்தியாயம் பதினொன்று

மக்கோக்கா செத்து ஏழு மாதம் ஆகிறது. காலை ஏழு மணிக்கு அவன் தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

ணங்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ணங்.

சத்தம் பெரிய குதிரிலிருந்து வருகிறது. உள்ளே புதைந்த அவனை வெளியே எடுப்பதற்காக வெல்டிங்காரர்கள் வயிற்றைக் கிழித்த இரும்புக் குதிர் அது. அன்று கிழித்த தகரம் இன்னும் நாக்கு மாதிரி வெளியே தொங்குகிறது.

"ராத்திரிக் குளிர்ல சுருங்கின இரும்பு, வெயில் பட்டா விரியும். அந்தச் சத்தம்தான், வேற ஒண்ணும் இல்ல" என்று மக்கோக்காவின் தம்பி கயெம்பா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். தீவன ஆலை ஆட்கள் நம்பவில்லை. உயிரோடு இருந்தவரைக்கும் மக்கோக்கா இதே நேரத்துக்குத்தான் உள்ளங்கையில் ஒரு கூழாங்கல்லோடு வந்து குதிர்களைத் தட்டிப் பார்ப்பான். மக்காச்சோளம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தகரமே சொல்லிவிடும். சோளம் இருக்கும் இடம் 'தொப்' என்று விழும். காலி இடம் 'ணங்' என்று பாடும்.

"முதலாளி வந்துட்டாரு, எல்லாரும் வேலையப் பாருங்கடா" என்று மூட்டை தூக்கும் பராசா முதல் மாதம் கிண்டல் செய்தான். இப்போது அவனும் கிண்டல் செய்வதில்லை. கிழிந்த குதிரைச் சுற்றி நடக்காமல் வேலி ஓரமாகப் போகிறான்.

மக்கோக்காவின் மனைவி நெலிமா மட்டும் தினமும் அங்கே போகிறாள். கூழாங்கல் இப்போது அவளிடம். அவன் இரண்டு தட்டினால் அவளும் இரண்டு தட்டுவாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"சொல்லிடட்டுமா, வேண்டாமா?"

ஏழு மாதமாக அதே கேள்விதான். தகரம் பதில் சொன்னதில்லை.

இன்று வியாழக்கிழமை. பக்கத்தில் அவன் செத்ததிலிருந்து பூட்டிக் கிடக்கும் சின்னக் குதிரை இன்று திறக்கப் போகிறார்கள்.

*

வீட்டுக்குள் வந்தபோது மகள் நசாம்பு கஞ்சிக் குவளையை முகத்துக்கு நேரே பிடித்து முறைத்துக்கொண்டிருந்தாள். இருபது வயது. ஆலையில் தீவனம் கலக்கும் இயந்திரம் அவள் பொறுப்பு. கிட்டாலே ஊர்க் கோழிகள் எல்லாம் அவள் கைக் கலவையைத்தான் தின்கின்றன. சோளம், சூரியகாந்திப் புண்ணாக்கு, ஏரிக் கருவாடு, சுண்ணாம்புக்கல் பொடி. எதில் என்ன கெட்டிருக்கிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுவாள்.

"அம்மா, கஞ்சி கசக்குது."

"அடி பிடிச்சிருக்கும்."

"அடி பிடிச்சா கருகல் நாத்தம் வரும். இது வேற. மாவே கசக்குது."

"மாமன் குடுக்கிற மாவுல குத்தம் சொல்லாதே. அவன் இல்லேன்னா இந்த ஏழு மாசம் நம்ம வீட்டு உகாலிக் களிக்கு மாவு ஏது?"

அது நிஜம். நெலிமாவின் தம்பி லுஸ்வெட்டி, அத்தான் செத்த மறு வாரத்திலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, வியாழக்கிழமை வருவான். சின்னக் குதிருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நிற்கும் நேப்பியர் புல்லைத் தன் மாடுகளுக்கு அறுத்து லாரியில் ஏற்றிக்கொள்வான். அக்கா வீட்டு வாசலில் ஒரு மூட்டை மாவை இறக்கி வைப்பான். 'உன் வீட்டு அடுப்பு அணையக் கூடாதுக்கா' என்பான். ஆலை ஆட்கள் பயந்து ஒதுங்குகிற அந்த மூலைக்கு அவன் ஒருத்தன்தான் பயப்படாமல் போகிறான்.

நெலிமா குவளையை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கசந்தது. முழுதையும் குடித்தாள். கொஞ்ச நாளாக அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

வெளியே மோட்டார் பைக் சத்தம். கயெம்பா.

*

"அண்ணி, அலமாரிச் சாவி குடுங்க. பாட்டில் எல்லாம் எறக்கணும்."

"இன்னிக்கே திறக்கணுமா?"

"ஆறு வாரத்துல புதுச் சோளம் வந்துடும். பழசு காலியாகலேன்னா எதுல கொட்டறது, உங்க சமையக்கட்டுலயா? சந்தையிலயும் சோளம் இல்ல. வாசல்ல பாருங்க, கோழிக்காரங்க காலையிலேயே சாக்கோட உக்காந்திருக்காங்க. ஒருத்தி ரெண்டு கோழியையே தூக்கிட்டு வந்துட்டா. 'இதுங்களுக்கு நீயே பதில் சொல்லு'ங்கறா."

சிரித்தான். முகத்தில்தான் சிரிப்பு. அவன் கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. முப்பத்தைந்து வயதுக்காரன், இந்த ஏழு மாதத்தில் ஐம்பது ஆகிவிட்டான்.

அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். பெரிய குதிரின் கூரையில் இரண்டு போல்ட்டு தளர்ந்திருந்தது. முடுக்கச் சொல்லி அண்ணன் சொன்னதை அவன் மறந்துவிட்டான். அந்த ஓட்டை வழியாக மழை இறங்கி, மேல் சோளம் நனைந்து, பூஞ்சை பிடித்து, அப்பளம் மாதிரி ஏடு கட்டிவிட்டது. கீழே சோளத்தை இழுக்க இழுக்க, ஏடு அப்படியே நிற்க, நடுவில் வெற்றிடம். சோளம் ஏன் இறங்கவில்லை என்று பார்க்கப் போன மக்கோக்கா அந்த ஏட்டின் மேல் கால் வைத்தான்.

எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். கயெம்பாவும்.

நம்பாத ஒரே ஆள் நெலிமா.

இந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. சோளம் எந்த லாரியில் வந்தாலும், மூட்டையில் குத்தூசி விட்டு எடுத்த சோளத்தை ஒரு காய்ந்த சோடா பாட்டிலில் பாதி நிரப்புவார்கள். ஒரு பிடி காய்ந்த உப்பைப் போட்டுக் குலுக்குவார்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டாமல் உதிர்ந்தால் சோளம் காய்ந்தது. ஒட்டினால் ஈரம், லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். குதிருக்குள் போன ஒவ்வொரு லோடுக்கும் அந்த பாட்டிலை மூடி, கொண்டு வந்தவன் பேரை எழுதிக் கட்டி, அந்தக் குதிர் காலியாகும் வரைக்கும் அலமாரியில் வைத்திருப்பார்கள். குதிருக்குள் மனுஷன் இறங்குவதற்கு முன் எல்லா பாட்டிலையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எல்லாம் சுத்தமாக இருந்தால்தான் உள்ளே கால் வைக்கலாம்.

போன டிசம்பரில் ஒரு நாள், மக்கோக்கா ஒரு சாவுக்குப் போயிருந்தபோது, லுஸ்வெட்டியின் லாரி வந்தது. பாட்டிலைக் குலுக்கியது நெலிமா. உப்பு கழுத்து வரைக்கும் அப்பிக்கொண்டது.

"மழை வருதுக்கா. ரெண்டு இடத்துல திருப்பிட்டாங்க. நீயும் திருப்பினா இது லாரியிலேயே முளைச்சிடும். குடும்பம் நடுத்தெருவுலதான்" என்று அவன் அழுதான்.

காய்ந்த சோளத்தோடு கலந்தால் இதுவும் காய்ந்துவிடும் என்று அவள் நினைத்தாள். நினைக்க விரும்பினாள். பாதியைப் பெரிய குதிரிலும் பாதியைச் சின்னக் குதிரிலும் மேலாகக் கொட்டச் சொன்னாள். வேறு மூட்டையிலிருந்து நல்ல சோளத்தை இரண்டு பாட்டிலில் போட்டு, தம்பி பேரை எழுதி, குதிருக்கு ஒன்றாக அலமாரியில் வைத்தாள். நிஜ பாட்டில் அவளுடைய டிரங்குப் பெட்டியில், மக்கோக்காவின் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது.

*

இருபத்து மூன்று பாட்டில். கயெம்பா ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சுத்தம். சுத்தம். இதுவும் சுத்தம்."

நெலிமா வாசற்படியில் நின்று அவன் கையையே பார்த்தாள்.

"லுஸ்வெட்டி." பேரை வாய்விட்டுப் படித்தான். குலுக்கினான். உப்பு மணல் மாதிரி சரிந்தது. "அட, உங்க தம்பி சோளம் முத்து முத்தா இருக்கே அண்ணி. ஆளு சோம்பேறின்னாலும் காயவெக்கத் தெரிஞ்சிருக்கு. சுத்தம்."

அவள் வாயைத் திறந்தாள். வாசலில் கோழி ஒன்று கத்தியது. மூடிக்கொண்டாள்.

குதிரின் அடித் தட்டைத் திறந்து, சோளத்தை வெளியே இழுக்கும் திருகுக் குழாயை ஓட விட்டார்கள். குழாய் சும்மா சுற்றியது. ஒரு சோள மணி கூட வரவில்லை.

"அடைச்சுக்கிச்சு" என்றான் பராசா. மெதுவாகச் சொன்னான்.

எல்லோரும் கிழிந்த குதிரைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காத மாதிரி இருந்தார்கள். அன்றைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"பின்பக்கம் மூட்டையில சோளம் பிடிக்கிற வாய் இருக்குல்ல, அதைத் திறந்து பார்க்கலாமே சித்தப்பா?" என்றாள் நசாம்பு.

"அதோட பூட்டுக்கு ஒரே சாவி. அது உங்க அப்பா கோட்டுப் பையில கெடக்கு. கோட்டோட அவரையும் மண்ணுக்குள்ள வெச்சாச்சு. பூட்டை அறுக்கிற மெஷினோட வெல்டிங்காரன் நாளைக்குத்தான் வருவான்." கயெம்பா இடுப்பில் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தான். "அதுவரைக்கும் எதுக்கு? பாட்டில் எல்லாம் சுத்தம். கூரையில போன வாரம் நானே ஏறி ஒவ்வொரு போல்ட்டா முடுக்கியிருக்கேன். கீழ ஏதோ சின்ன அடைப்பு. மேலேர்ந்து கழியால குத்தினா விட்டுடும்."

"ஆளை அனுப்பேன்" என்றாள் நெலிமா.

"யாரை? நான்தான் போகணும்." அவளைப் பார்க்காமல் சொன்னான். "இந்தத் தடவை நான்தான்."

நெலிமா கூழாங்கல்லை எடுத்துக்கொண்டு சின்னக் குதிரின் அருகே போனாள். ஏழு மாதமாகப் பூட்டிக் கிடக்கிற குதிர். உச்சி வரைக்கும் நிறைந்த குதிர். இடுப்பு உயரத்தில் தட்டினாள்.

ணங்.

கை நின்றுவிட்டது. தலைக்கு மேல் எட்டித் தட்டினாள். ணங். ஏணியில் நாலு படி ஏறித் தட்டினாள். ணங். இன்னும் ஆறு படி. ணங். உச்சிக்கு மூன்று தகரம் இருக்கும்போதுதான் 'தொப்' என்றது.

கீழே ஒன்றுமில்லை. மேலே மட்டும் சோளம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இறங்கி ஓடி வந்தாள். "கயெம்பா, உள்ள காலி! மேல ஏடு மட்டும் நிக்குது. போகாதே!"

"பூட்டின குதிர் எப்படி அண்ணி காலியாகும்?"

"தெரியல. சத்தம் கேட்டேன்."

அவன் பராசாவைப் பார்த்தான். பராசா தரையைப் பார்த்தான். நெலிமாவுக்குப் புரிந்தது. தினமும் காலையில் கிழிந்த தகரத்தோடு பேசுகிற பொம்பளை. அவளுக்குச் சத்தம் கேட்காமல் என்ன?

"அண்ணி, நீங்க உள்ள போய் ஒரு டீ குடிங்க" என்றான் கயெம்பா, ரொம்ப இதமாக. "கயிறு கட்டியிருக்கேன்ல?"

"உங்க அண்ணனும்தான் கட்டியிருந்தாரு. கயிறு மட்டும்தானே கையில வந்துச்சு."

அவன் முகம் ஒரு கணம் செத்துப் போயிற்று. பிறகு திரும்பி ஏணியில் கால் வைத்தான்.

*

டிரங்குப் பெட்டியின் மூடி அவள் விரலை நசுக்கியது. வலி தெரியவில்லை. சட்டைகளை வாரி இறைத்தாள். மக்கோக்காவின் வியர்வை வாடை இன்னும் ஒரு சட்டையில் இருந்தது. அதற்கு அடியில்தான் பாட்டில்.

அவள் வெளியே வந்தபோது கயெம்பா உச்சிக்குப் போய், வட்ட மூடியைத் திறந்திருந்தான். ஒரு கால் உள்ளே.

"கயெம்பா!"

கலக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. "நசாம்பு, மெஷினை நிறுத்துடீ!" என்று கத்திவிட்டு, பாட்டிலை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பாதியில் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. கீழே பார்க்கவில்லை. இயந்திரம் நின்றது. திடீரென்று அவ்வளவு அமைதி. அந்த அமைதியில் தன் மூச்சையே யாரோ பின்னால் ஏறி வருகிற மாதிரி கேட்டாள்.

"அண்ணி, பைத்தியமா உங்களுக்கு? விழுந்துடுவீங்க!"

"காலை வெளிய எடு."

"அண்ணி..."

"எடுடா!"

எடுத்தான். அவள் பாட்டிலை அவன் கையில் திணித்தாள்.

"என்ன இது?"

"லுஸ்வெட்டி பாட்டில்."

"அதை இப்பதானே பார்த்தேன். சுத்தமா இருந்துச்சு."

"அது நான் மாத்தி வெச்சது. நிஜ பாட்டில் இதுதான்."

அவன் அதை வெயிலுக்கு நேரே பிடித்தான். கண்ணாடியின் உள்பக்கம் அடியிலிருந்து கழுத்து வரைக்கும் உப்பு. சுவருக்கு வெள்ளை அடித்த மாதிரி. உள்ளே சோளம் பச்சையும் கறுப்புமாகப் பூத்து ஒரே கட்டியாகி இருந்தது.

"எத்தனை மூட்டை?"

"அறுபது. பாதி அதுல. பாதி இதுல. ரெண்டுலயும் மேல."

கயெம்பா கூரை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். கிழிந்த குதிரைப் பார்த்தான். அவள் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்போ கூரை போல்ட்டு?"

"உன் போல்ட்டு இல்ல கயெம்பா. அந்த ஓட்டையில ஒரு சொம்புத் தண்ணிகூட எறங்கியிருக்காது."

"ஏழு மாசம்" என்றான். "கண்ணை மூடினா அந்த ரெண்டு போல்ட்டுதான் அண்ணி. என் பொண்டாட்டிகிட்டகூடப் பேச முடியல. அண்ணன் வந்து எதிர்ல உக்காந்துட்டு, 'முடுக்கினியாடா'ன்னு கேக்கறாரு. தெனம் கேக்கறாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் விட்டீங்க."

 

அவன் எழுந்தான். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கீழே விட்டான். "பராசா! ஒரு மூட்டை சுண்ணாம்புக்கல் கட்டு."

மூட்டை ஆடி ஆடி மேலே வந்தது. கயெம்பா அதை மூடி வழியாக மெதுவாக உள்ளே இறக்கினான். நெலிமா எட்டிப் பார்த்தாள். உள்ளே மஞ்சள் தரை, சமமாக, பாய் விரித்த மாதிரி. மூட்டை அதன் மேல் உட்கார்ந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தீங்களா..." என்று அவன் ஆரம்பித்தான்.

தரை ஒரு தடவை மூச்சை இழுத்தது. அப்புறம் இல்லை. மூட்டை, மஞ்சள், எல்லாம் ஒரே வாயாகத் திறந்து கீழே போயிற்று. கயிறு கயெம்பாவின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. குதிர் முழுக்க அதிர்ந்தது. மூடி வழியாகப் பச்சைப் புழுதி புஸ்ஸென்று எழும்பி, அழுகின வாடையோடு அவர்கள் முகத்தில் அடித்தது.

அடங்கிய பிறகு, பக்கத்தில் கிழிந்த தகரம் தானாக ஒரு தடவை தட்டியது.

ணங்.

கீழே பராசா தொப்பியைக் கழற்றினான்.

*

தரைக்கு வந்த பிறகு கயெம்பா நெலிமாவைத் தாண்டிப் போனான். ரத்தம் கசிகிற கையை நசாம்பு துணியால் சுற்றிவிட்டாள். சுற்றும்போது அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏணிக்கு அடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அந்தப் பார்க்காத முகத்தை நெலிமா இனி தினமும் காலையில் பார்க்க வேண்டும்.

கட்டை முடித்ததும் நசாம்பு கேட்டாள். "சரி சித்தப்பா. ஏடு ஏன் கட்டுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. கீழ இருந்த சோளம் எங்க?"

யாரும் அதை யோசித்திருக்கவில்லை.

குதிரைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள். நேப்பியர் புல் ஆள் உயரத்துக்கு நின்றது. ஆனால் குதிரின் காலடியில் மட்டும் சுத்தமாக அறுத்து, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம். மூட்டை பிடிக்கிற வாய்க்குக் கீழே மண்ணில் மஞ்சள் மஞ்சளாகச் சோளம் சிந்தி, சிலது முளைத்திருந்தது. ஏழு மாதம் மழையில் கிடந்த பூட்டு துருப்பிடித்திருக்க வேண்டும். கயெம்பா விரலால் தொட்டுப் பார்த்தான். விரலில் எண்ணெய்.

"உடைக்கல" என்றான். "சாவி போட்டுத்தான் திறந்திருக்காங்க."

"சாவி அப்பாகிட்ட இருக்குன்னீங்களே" என்றாள் நசாம்பு.

பராசா இரண்டு அடி பின்னால் போனான்.

நெலிமாவுக்குப் பயம் வரவில்லை. பேயாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. ஏனென்றால் அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. உடம்பைக் கழுவி வைத்திருந்தார்கள். அவளால் பார்க்க முடியவில்லை. 'சாவியை அவர் பையிலேயே விட்டுடுங்க, இனிமே அந்தக் குதிரை யாரும் திறக்க வேண்டாம்' என்று சுவரைப் பார்த்துக்கொண்டு அவள்தான் சொன்னாள். கோட்டை மாட்டிவிட்டு, ஒவ்வொரு பித்தானாகப் போட்டது ஒரே ஆள்.

'வெச்சுட்டேன்க்கா. பையிலேயே வெச்சுட்டேன்' என்று சொன்னதும் அவனேதான்.

நசாம்பு குனிந்து மண்ணிலிருந்து ஒரு சோள மணியை எடுத்தாள். முகர்ந்தாள். நுனிப் பல்லால் கடித்தாள். மேல் ஏட்டின் பூஞ்சை இதிலும் ஏறியிருந்தது. உடனே துப்பினாள்.

"அம்மா" என்றாள். அம்மா கூரையிலிருந்து இறங்கிய பிறகு முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். "இது நம்ம கஞ்சி."

நெலிமாவின் வாயில் அந்தக் கசப்பு இன்னும் இருந்தது. ஏழு மாதம். காலையில் கஞ்சி, ராத்திரி உகாலி.

வெளியே கேட்டில் லாரி ஹார்ன் இரண்டு தடவை அடித்தது. வியாழக்கிழமை.

"அக்கா!" என்று லுஸ்வெட்டியின் குரல் கேட்டது. "மாவு எங்க எறக்கட்டும்?"